அக்கா ஆற்றுக்குப் போன கோடை

எங்கள் வீட்டு மாடி அறையில் அதுவரை ஆண்கள்தான் வாடகைக்கு இருந்திருந்தார்கள். பாலிடெக்னிக்கில் வேலைக்கு வந்த வாத்தியார்கள், மாற்றலாகி வந்த வங்கிக்காரர் ஒருவர் என்று. முதல் தடவையாக ஒரு பெண் தனியாக வந்து அறை கேட்டபோது அம்மாவுக்குச் சந்தோஷம், அப்பாவுக்குத் தயக்கம்.

அவர் கோயம்புத்தூர்ப் பக்கம். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். தலைமுடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். முதுகில் அவர் உயரத்தில் பாதிக்கு ஒரு பை. தாமிரபரணியில் இருக்கும் நீர்நாய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருப்பதாகச் சொன்னார்.

"ஆத்துல ஏதும்மா நாயி?" என்றாள் அம்மா.

"நாய் இல்லீங்க ஆன்ட்டி. கீரிப்பிள்ளை மாதிரி இருக்கும், ஆனா பெருசுங்க. மீன் புடிச்சுத் தின்னும்."

அப்பா யாரைப் பார்த்தாலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "நீங்க எந்தச் சபை?"

"நான் கிறிஸ்டியன் இல்லீங்க சார்."

அப்பா அதற்கும் தலையை ஆட்டினார். அம்மா சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எங்கள் வீட்டில் படித்த பெண் என்றால் டீச்சர்தான். அம்மா தொடக்கப்பள்ளியில் டீச்சர், சித்திகள் இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் டீச்சர். அந்தப் பழக்கத்தில் மாடிக்கு வந்தவரும் டீச்சர் ஆனார். தெருவில் எல்லோரும் நீர்நாய் டீச்சர் என்றார்கள்.

எனக்கு அப்போது பதினான்கு வயது. அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் இருந்தாள். நாங்கள் சேரன்மகாதேவியில் ஆற்றுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்தோம். அப்பா ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க். காலையில் போய் மாலையில் வருவார், வந்ததும் குளிப்பார், ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம், அதன் பிறகு சாப்பாடு. அந்த ஒழுங்கிற்குள் அக்கா கச்சிதமாகப் பொருந்தியிருந்தாள். எனக்குச் சடை பின்னிவிடுவாள், கோயில் பாடகர் குழுவில் பின்வரிசையில் நின்று பாடுவாள், எதையும் வேண்டும் என்று கேட்கமாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள், அவ்வளவுதான். அவள் நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போதே முடிவாகியிருந்தது. குவைத்தில் நர்ஸாக இருந்த அத்தை ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் "பிள்ளை கை நல்ல கை, பொறுமையான கை" என்று சொல்லிச் சொல்லி அது அப்படியே நிலைத்துவிட்டது. அக்காவும் மறுத்ததில்லை.

டீச்சர் வந்து சில நாள் கழித்து, அக்கா மாடிக்குக் காப்பி கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன். டீச்சரின் மடிக்கணினியில் நீர்நாய்ப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டாள்.

"இத நான் பாத்திருக்கேனே."

டீச்சர் நாற்காலியைத் திருப்பினார். "எங்கே?"

"அணைக்கட்டுக்குக் கீழ, மருத மரம் நிக்கும்லா, அங்கன. சின்னப்பிள்ளையில அம்மாகூடத் துவைக்கப் போனப்போ. குட்டியெல்லாம் கூட வந்துச்சு. நான் சொன்னேன், யாரும் நம்பல."

அடுத்த நாளே டீச்சர் கீழே வந்து அப்பாவிடம் கேட்டார். காலையில் தன்னோடு ஆற்றங்கரைக்கு வர அக்காவை அனுப்ப முடியுமா, பாதை தெரிந்த ஆள் வேண்டும் என்று. அப்பா யோசித்தார். பிறகு, "விடிஞ்ச பொறவு போங்க. வெயிலுக்கு முன்ன வந்துரணும். சின்னவளும் கூட வருவா" என்றார்.

இப்படித்தான் நான் துணைக்குப் போனேன். எனக்கு அதில் ஒரு துளியும் விருப்பமில்லை. எனக்குத் தண்ணீர் என்றாலே பயம். முழங்காலுக்கு மேல் ஆற்றில் இறங்கியதில்லை. சேறு பிடிக்காது, பாசியின் நாற்றம் பிடிக்காது. அவர்கள் இருவரும் கரையோரம் குனிந்து குனிந்து நடப்பார்கள். நீர்நாய் எச்சத்தைக் குச்சியால் கிளறி, அதில் இருக்கும் மீன் செதிலையும் நண்டு ஓட்டையும் பார்த்து ஏதோ பேசுவார்கள். நான் குடையை விரித்துப் பாறையில் உட்கார்ந்து, அம்மாவிடம் இருந்து எடுத்து வந்த வாரப் பத்திரிகையைப் படிப்பேன்.

முதல் முறை நீர்நாய்களைப் பார்த்த காலை மட்டும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அமலைச்செடி என்று நாங்கள் சொல்லும் ஆகாயத்தாமரை ஒதுங்கிய ஒரு மடுவில், தண்ணீருக்கு மேல் முதலில் ஒரு தலை வந்தது, பிறகு இன்னொன்று. தாய் ஒரு மீனை முன்னங்கால்களால் பிடித்து மென்றுகொண்டிருந்தது. குட்டிகள் அதன் முதுகில் ஏறி வழுக்கி விழுந்து, பறவை மாதிரி கத்தின. டீச்சர் தொலைநோக்குக் கண்ணாடியைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். அக்காவுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. ஈர மணலில் குப்புறப் படுத்திருந்தாள், முகவாய் மண்ணில் பதிந்திருந்தது, தாவணி போட்ட பெண் அப்படிப் படுப்பதை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. என் கணுக்காலைப் பிடித்திருந்தாள். நான் அசையாமல் இருப்பதற்காகப் பிடித்தாள் என்று நினைத்தேன். குட்டிகள் தண்ணீருக்குள் மறைந்த பிறகும் அவள் விடவில்லை.

அதற்குப் பிறகு அக்கா வேறு ஆளானாள். மாறினாள் என்றா சொல்வது, உள்ளே இருந்தவள் வெளியே வந்தாள் என்றா, தெரியவில்லை. சாப்பிடும்போது பேச ஆரம்பித்தாள். அப்பா பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் பேசினாள். "அப்படி இல்லப்பா, அது வலையக் கிழிக்கதில்ல. வலையில மாட்டுன மீன எடுக்கப் போயி அதுவே சிக்கிக்கிடுது" என்று திருத்தினாள். அம்மா என்னைப் பார்ப்பாள், நான் அம்மாவைப் பார்ப்பேன். அப்பா கோபப்படவில்லை. அதுதான் பெரிய ஆச்சரியம். சோற்றைப் பிசைந்துகொண்டே, "அப்பம் அதுக்கு வளை எங்கன இருக்கும்?" என்று கேட்டார். அக்கா கையாலேயே மேசையில் கரையை வரைந்து, மரத்தின் வேர் எங்கே, வளை வாசல் எங்கே என்று காட்டினாள்.

ஒரு சனிக்கிழமை அப்பா ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போய்விட்டு வரும்போது அக்காவுக்கு ஒரு கான்வாஸ் ஷூ வாங்கி வந்தார். "செருப்பு போட்டுட்டுப் போனா முள்ளு ஏறும்லா" என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். அப்பா கேட்காமல் எதையும் வாங்கித் தருகிறவர் இல்லை. அதனால்தான் பிறகு நடந்ததை என்னால் சுலபமாக, அப்பா ஒரு கொடுமைக்காரர் என்று சொல்லி முடிக்க முடியவில்லை.

அக்கா டீச்சரிடம் நீச்சல் பழகினாள். கோடையில் குறுகிக் கிடந்த ஆற்றை அக்கரை வரை நீந்திப் போய்த் திரும்பினாள். மே மாதம் பரீட்சை முடிவு வந்தது, நல்ல மதிப்பெண். அன்று மாலை டீச்சர் கீழே வந்து உட்கார்ந்தார். விலங்கியல் படித்துவிட்டுப் பிறகு காட்டுயிர் பற்றி மேல்படிப்புப் படிக்கலாம், இப்போதெல்லாம் பெண்பிள்ளைகள் நிறையப் படிக்கிறார்கள், தான் எல்லா உதவியும் செய்வதாகச் சொன்னார். அக்கா வாசல்படியில் நின்றிருந்தாள். கதவின் சட்டத்தைப் பிடித்திருந்தாள்.

அப்பா, "பாப்போம்" என்றார்.

எங்கள் வீட்டில் 'பாப்போம்' என்றால் முக்கால்வாசி சரி என்று அர்த்தம். அக்காவுக்கும் அது தெரியும். அன்றிரவு என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "ஏளா, அப்பா பாப்போம்னு சொன்னாவல்லா?" என்று உறுதிப்படுத்திக்கொண்டாள்.

ஜூன் பிறந்து எனக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. அதனால் அது நடந்த நாள் நான் ஆற்றில் இல்லை. பள்ளி விட்டு வரும்போது எங்கள் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அம்மா உள்ளே அழுகிற சத்தம் கேட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்துப் பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினேன். அக்கா நடு அறையில் தலைக்குத் துண்டு கட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் டீச்சர் முகம் வெளிறி நின்றிருந்தார்.

நடந்தது இதுதான். ஆற்றின் நடுவில் ஒரு மணல்திட்டு உண்டு. அதில் நின்ற மரத்தில், தானாகப் படம் எடுக்கிற ஒரு கேமராவை டீச்சர் கட்டிவைத்திருந்தார். மழை தொடங்கப்போகிறது, எடுத்துவிடலாம் என்று இருவரும் போயிருக்கிறார்கள். டீச்சர் கரையில் நிற்க, அக்கா நடந்தே திட்டுக்குப் போயிருக்கிறாள். தண்ணீர் கணுக்கால் அளவுதான். ஆனால் மலையில் காலையிலிருந்தே மழை. அவள் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நிறம் மாறி ஏற ஆரம்பித்துவிட்டது. டீச்சர் கத்தியது அவளுக்குக் கேட்கவில்லை. கேட்டபோது நேரமில்லை. அவள் மரத்தில் ஏறிவிட்டாள். பாலத்துக்குக் கீழே லாரி கழுவிக்கொண்டிருந்தவர்கள் வடக்கயிறும் காற்றடித்த டியூபுமாக நீந்திப் போய் அவளைக் கொண்டுவந்தார்கள். கரைக்குப் பக்கத்தில் கால் தரையில் நிலைத்ததும் இரண்டு பேர் அவளைத் தோளில் தூக்கி வந்தார்கள்.

பாலத்தின் மேல் நின்ற யாரோ இதையெல்லாம் செல்போனில் படம் பிடித்திருந்தார்கள். அக்கா வீட்டுக்கு வந்து உடை மாற்றுவதற்குள் அது அப்பாவின் அலுவலகத்துக்குப் போய்விட்டது.

அப்பா சைக்கிளைச் சுவரில் சாய்க்கக்கூட இல்லை, கீழே விழ விட்டுவிட்டு உள்ளே வந்தார். அக்காவின் முன்னால் உட்கார்ந்து அவள் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"எங்கயும் அடி பட்டிருக்கா?"

"இல்லப்பா."

"தண்ணி குடிச்சிட்டியா?"

"இல்லப்பா."

அவ்வளவுதான். டீச்சர் மன்னிப்புக் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அன்று ஜெபத்தில் அப்பாவால் வார்த்தைகளை முடிக்க முடியாமல் அம்மாதான் முடித்தாள். அன்றோடு அது முடிந்திருந்தால் எங்கள் வாழ்க்கை வேறு மாதிரி இருந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த வீடியோவை நானும் பார்த்தேன். எல்லோருடைய போனிலும் இருந்தது. கலங்கிய தண்ணீர், கூச்சல், கயிறு. கடைசியில் இரண்டு ஆண்களின் தோள்மேல் அக்கா. உடையெல்லாம் ஒட்டிப்போய், கழுத்தில் தொங்கும் கேமராவை ஒரு கையால் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்திருக்கிறாள். சிரிக்கிறாள். வாய் நிறைய, பல்லெல்லாம் தெரிய, கண்ணை இடுக்கிக்கொண்டு சிரிக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைல்லா? கர்த்தர் காப்பாத்துனாரு."

"ஆமா. ஆனா சிரிக்கால்லா, அதான் எங்களுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. இத்தன ஆம்பிளைய நிக்காங்க…"

"கூட இருக்கது யாரு, அந்த வெளியூர்க்காரியா? கிராப்பு வெட்டிட்டு அலையுதாளே, அவளா?"

பாளையங்கோட்டையிலிருந்து பெரியப்பா போன் செய்தார். நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது இந்த வீடியோவும் பின்னாலேயே வரும் என்றார். அப்பா "சரிண்ணே, சரிண்ணே" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரும் அந்த வீடியோவைப் பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். சிரிக்கும் இடத்தில் விரலை வைத்து நிறுத்தினார். அக்கா தட்டுகளை எடுக்க வந்தாள்.

"ஏட்டி, ஏன் சிரிச்ச?"

அக்கா தட்டோடு நின்றாள்.

"தெரியலப்பா. உசுரு தப்பிட்டோம்னு இருந்துச்சு. கேமராவும் நனையல."

அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார். திட்டவில்லை. ஒரு அடி கொடுத்திருந்தால்கூட அக்கா அழுதிருப்பாள், அவர் சமாதானம் செய்திருப்பார், ஏதாவது ஒரு வழி கிடைத்திருக்கும். அவர் எழுந்து போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்ததும் மாடியேறி, மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி டீச்சரிடம் சொன்னார்.

டீச்சர் அக்காவின் படிப்பைப் பற்றிப் பேச ஒரு முறை கீழே வந்தார். "தப்பு என்னோடதுங்க சார். அவ படிப்பை நிறுத்தாதீங்க."

"யாரும் நிறுத்தலம்மா. நர்சிங் சேக்கப்போறோம். அது எங்க வீட்டு விஷயம்" என்றார் அப்பா. மரியாதை குறையாமல்தான் சொன்னார்.

டீச்சர் ஆட்டோவில் ஏறிப்போன பிறகு, அக்கா மாடி அறையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டாள். நான் படியில் நின்று பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் கம்பியெல்லாம்கூடத் துடைத்தாள். பிறகு கீழே இறங்கி வந்து, "நாளைக்கு ஒனக்கு என்ன பாடம், வா, சொல்லித் தாரேன்" என்றாள். நான்கு வருஷ நர்சிங்கையும் அப்படியே முடித்தாள். நன்றாகப் படித்தாள், எல்லோரும் பாராட்டினார்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை. பிறகு ஆழ்வார்குறிச்சியில் மாப்பிள்ளை அமைந்தது. குவைத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். எந்த வீடியோவும் பின்னால் வரவில்லை. அவளும் குவைத் போனாள், அங்கேயே பையன் பிறந்தான்.

அக்கா நர்சிங் விடுதிக்குப் போன பிறகுதான் அப்பா ஆற்றுக்குப் போக ஆரம்பித்தார். சர்க்கரை வந்திருக்கிறது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதாகச் சொல்லிக்கொண்டார். நடப்பதற்கு எங்கள் தெருவே போதும். அவர் அணைக்கட்டுக்குக் கீழே போய், மருத மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருவார். "இன்னைக்கு ரெண்டு தலை தெரிஞ்சுச்சு" என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா காய் நறுக்கிக்கொண்டே "ம்" என்பாள். பிறகு அதை அக்காவுக்குப் போனில் பேசி அனுப்பக் கற்றுக்கொண்டார். "பிள்ளே, தண்ணி நல்லா தெளிஞ்சிருக்கு. குட்டியோட ஒண்ணு வந்துச்சு, நம்ம மடுப் பக்கம்தான்." அக்காவிடமிருந்து கைகூப்பும் படம் ஒன்று வரும். சில நாள் அதுவும் வராது.

ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு அந்த வீடியோவைத் தேடித் தர முடியுமா என்று கேட்டார். நான் தேடினேன். அப்பாவின் அலுவலகத்தில் கேட்டேன், தெருவில் கேட்டேன். எல்லோரும் போன் மாற்றிவிட்டிருந்தார்கள். ஊரே வைத்திருந்த ஒன்று, வேண்டும் என்று தேடியபோது ஒருவரிடமும் இல்லை. "கிடைக்கலப்பா" என்றதும், "சரி, விடு. சும்மாதான் கேட்டேன்" என்றார்.

என் பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்தபோது நான் வணிகவியல் படிக்க ஆசைப்பட்டேன். கணக்குப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். சென்னைக்குப் போய் சி.ஏ. பரீட்சை எழுத வேண்டும் என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். பதினோராம் வகுப்பில் உயிரியல் பிரிவில் சேர்ந்தது அப்பா சொன்னதால்தான், கல்லூரியில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தபோது அப்பா முந்திக்கொண்டார்.

"நீ விலங்கியல் எடு பிள்ளே. பொறவு காட்டுயிர்ப் படிப்பு இருக்குல்லா, அது எந்த ஊருல இருந்தாலும் போ. நான் தடுக்க மாட்டேன்."

"அப்பா, எனக்குக் கணக்குதான் பிடிக்கும். தண்ணின்னாலே பயம், ஒங்களுக்குத் தெரியும்லா."

"பழகிரும்."

அவர் முகத்தில் அப்போது இருந்தது கண்டிப்பு இல்லை. கெஞ்சல். எங்கள் அப்பா கெஞ்சி நான் பார்த்ததில்லை. அடுப்படிக்குப் போனேன். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

"எடுத்துரு பிள்ளே. அவிய மனசு ஆறட்டும்" என்றாள்.

எடுத்தேன். பாளையங்கோட்டையில் மூன்று வருஷம் விலங்கியல். பிறகு வெளியூரில், மலையடிவாரத்தில் ஒரு கல்லூரியில் காட்டுயிரியல். அப்பா என்னை ரயில் ஏற்றிவிட்ட நாளில் புதுச் சட்டை போட்டிருந்தார். "பயப்படாத. எங்க கூப்பிட்டாலும் போ. காட்டுக்குள்ள போகணும்னாலும் போ, ஆத்துக்குள்ள இறங்கணும்னாலும் இறங்கு" என்றார். பெட்டியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படிப் பெண்ணை அனுப்புகிற தகப்பன் உண்டா என்று ஒரு அம்மாள் வியந்தாள். அந்த ஒவ்வொரு வார்த்தையும் அக்காவுக்குச் சேர வேண்டியது. முகவரி தவறி என்னிடம் வந்திருந்தது.

அந்தக் கல்லூரியில் அக்காவைப் போன்ற பெண்கள் நிறைய இருந்தார்கள். சேற்றில் முட்டிபோட்டு, ஒரு தடத்தைப் பார்த்துவிட்டால் சோறு தண்ணீர் மறந்துவிடுகிற பெண்கள். நான் பரிசலில் ஏறும்போதெல்லாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வேன். எண்ணிக்கையை அட்டவணையாக்குவது, சராசரி எடுப்பது போன்ற வேலைகளை எல்லோருக்கும் நானே செய்து கொடுப்பேன். அதற்குப் பதிலாக அவர்கள் எனக்காகத் தண்ணீரில் இறங்குவார்கள்.

அங்கே ஒரு பயிற்சி வகுப்புக்கு நீர்நாய் டீச்சர் வந்தார். தலைமுடியை வளர்த்திருந்தார், லேசாக நரைத்திருந்தது. என் ஊரைக் கேட்டதும் உற்றுப் பார்த்தார்.

"குடை புடிச்சுட்டுப் பாறையில உக்காந்திருப்பியே, நீயா?"

"ஆமா டீச்சர்."

"அக்கா எங்கே? எந்தக் காட்டுல இருக்கா?"

குவைத்தில் நர்ஸ் என்றேன். அவர் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார்.

"அந்தக் கேமராவை நானே போய் எடுத்திருக்கலாம். அவ நான் போறேன் நான் போறேன்னு ஆசையா ஓடினா. போகட்டும்னு விட்டேன்." பிறகு, "அதுல நல்ல படங்கள் இருந்துச்சு. அவகிட்ட காட்டவே முடியல" என்றார்.

நான் படிப்பை முடித்தேன். ஆனால் காட்டுக்குப் போகவில்லை. பி.எட். படித்துவிட்டு இப்போது தச்சநல்லூரில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். அப்பாவுக்கு அதில் வருத்தம்தான், வெளியில் சொல்லமாட்டார். நல்ல டீச்சர் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லிக்கொடுப்பது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் பள்ளி அலுவலகத்தில் கணக்கு இடிக்கும்போது என்னைக் கூப்பிடுவார்கள். அந்த அரைமணி நேரம் எனக்கு இருக்கும் உற்சாகத்தை வகுப்பில் நான் ஒரு நாளும் உணர்ந்ததில்லை.

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு அக்கா விடுமுறையில் வந்தாள். அப்பா ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவள் வந்த நாளிலிருந்தே, ஒரு காலையில் எல்லோரும் ஆற்றுக்குப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா, "போலாம்ப்பா, போலாம்" என்று தள்ளிப்போட்டாள். அவள் குவைத்துக்குக் கிளம்புவதற்கு முந்திய நாள்தான் போனோம்.

மழைக்காலத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. மடு முழுக்க அமலைச்செடி பச்சைப் பாயாக மூடிக் கிடந்தது. போன பெரிய வெள்ளத்தில் கரை இடிந்து, வேரோடு சாய்ந்த மரங்கள் அப்படியே கிடந்தன. அப்பா ஒரு துண்டை விரித்து அக்காவை உட்காரச் சொன்னார். அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

"இப்பம் வரும் பாரு. இந்த நேரத்துலதான் வரும்."

ஒன்றும் வரவில்லை. ஒரு முக்குளிப்பான் பறவை மட்டும் மூழ்கி மூழ்கி எழுந்தது. அக்காவின் பையன் கொசு கடிக்கிறது என்று சிணுங்கினான்.

"கொஞ்சம் பொறுங்க. நேத்துக்கூடப் பாத்தேன்."

"போலாம்ப்பா. வெயில் ஏறுது, இவன் ஒண்ணும் சாப்பிடல" என்று அக்கா எழுந்து துண்டை உதறினாள்.

அப்பா அவள் கையிலிருந்து துண்டை வாங்கவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு நான் ஒன்னய விட்டிருக்கணும் பிள்ளே. நீ சிரிச்சத நான் தப்பா எடுத்துட்டேன். ஊருக்குப் பயந்துட்டேன்."

அம்மா தலைகுனிந்தாள். நான் பையனைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. நான் நல்லாத்தான இருக்கேன்" என்றாள் அக்கா. துண்டை மடித்து அவர் தோளில் போட்டாள்.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரும்பும் வழியில் அவர் நடையே வேறாக இருந்தது. பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டார். டீக்கடையில் நின்று எல்லோருக்கும் ரசவடை வாங்கிக் கொடுத்தார். கடைக்கார அண்ணாச்சியிடம், "மூத்தவ, குவைத்துல நர்ஸா இருக்கா" என்று இரண்டு முறை சொன்னார்.

மறுநாள் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு அக்காவைக் கொண்டுபோய்விட நான்தான் காரில் கூடப் போனேன். பையன் அவள் மடியில் தூங்கிவிட்டான். நாங்குநேரி தாண்டியதும் நான், "அப்பா மன்னிப்புக் கேட்டது நல்லதாப் போச்சுக்கா. அவியளுக்குப் பாரம் இறங்கிருச்சு" என்றேன்.

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்திருந்தாள்.

"இறங்கிருச்சு. எனக்குத்தான் என்ன செய்யணும்னு தெரியல."

"ஏங்க்கா?"

"இத்தன வருஷமா அவிய மேல ஒரு கோவம் வச்சிருந்தேன்ட்டி. யார்ட்டயும் சொல்லல, அத்தான்ட்டகூடச் சொல்லல. நைட் டூட்டியில கைகால் விட்டுப்போச்சுன்னா அதத்தான் நெனச்சுக்கிடுவேன். என்னோடதுன்னு இருந்தது அது ஒண்ணுதான். நேத்து அவிய வந்து கேட்டுட்டாவ. வயசானவிய, கண்ணு கலங்கி நிக்காவ. ஒண்ணுமில்லன்னு சொல்லாம நான் வேற என்ன சொல்ல? அதையும் கொடுத்துட்டேன்."

காற்றாலைகள் வரிசையாகப் பின்னால் போயின. கொஞ்சம் கழித்து அவளே திரும்பினாள்.

"ஆமா, ஒனக்கு என்ன படிக்கணும்னு இருந்துச்சு? நான் கேட்டதே இல்ல."

"கணக்கு."

"சொல்லிருக்கலாம்லா?"

"சொன்னேன்க்கா."

அவள் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மருந்து வாசனையும் சோப்பு வாசனையும் சேர்ந்த, நகம் ஒட்ட வெட்டிய கை. களியக்காவிளை வரும்வரை விடவில்லை. விமான நிலையத்தில் பையனை எழுப்பிக் கீழே இறக்கினோம். அவன் தூக்கக் கலக்கத்தோடு கையசைத்தான். அக்கா பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள், ஒரு முறை திரும்பிப் பார்த்தாள்.

கார் திரும்பியதுமே அப்பாவிடமிருந்து போன்.

"உள்ள போயிட்டாளா?"

"போயிட்டாப்பா."

"வழியில ஒண்ணும் சொன்னாளா?"

"ஒங்க ஒடம்பப் பாத்துக்கிடச் சொன்னா. மாத்திரைய ஒழுங்காப் போடச் சொன்னா."

"அப்படியா சொன்னா?" அவர் குரலில் அவ்வளவு நிம்மதி. "சரி பிள்ளே, பைய வாங்க. டிரைவர வேகமாப் போகச் சொல்லாத."

வள்ளியூர் வந்துவிட்டது. டிரைவர் அண்ணாச்சி கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்.

"அக்காவும் தங்கச்சியும் ரொம்ப ஒட்டோ?"

ஆமாம் என்றேன்.